ஃபார்மட் அடிப்பதற்கு முன்

நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் யாருக்கும் அந்த வீடு சொந்தமில்லை. நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் வட்டமும் தெருவும் கதவு எண்ணும் போட்ட உத்தரவு வரும். ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கொல்லையில் வைத்து வளர்த்த பலாவும் முருங்கையும் அடுத்து வருகிறவருக்கு. வடலூரிலோ விருத்தாசலத்திலோ ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தால் அங்கே போவார்கள். இல்லையென்றால் சென்னையில் பிள்ளை வீட்டுக்கு. லாரி வந்து நிற்கும் அந்த வாரத்தில் வீட்டில் நடப்பதெல்லாம் ஒன்றுதான்: எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது.

இந்தக் கணக்கில் கணினி சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும். நகரியத்துப் பிள்ளைகள் பொறியியல் படித்துவிட்டுப் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போனபோதுதான் பல வீடுகளுக்குள் அது வந்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. டயல்-அப் மோடம் கீச்சிட்டு ஓயும்வரை காத்திருந்த காலம் முடிந்து, யாஹூ மெசஞ்சரில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பாக்கள், அமெரிக்காவில் மாலையாவதைக் கணக்குப் பண்ணி வெப்கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். அப்படி வந்த பெட்டி, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது தூசியும் மெதுவுமாக மூலையில் கிடக்கும். கடையில் காட்டினால் ஒரே பதில்தான்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்.”

அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. ஃபார்மட் தவறு என்று சொல்லவில்லை. பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு அது அவசரமாகச் செய்யப்படுகிறது, உள்ளே இருப்பது யாருடையது, என்னது என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே.

தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது 2011 டிசம்பர் 30ஆம் தேதி. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, நகரியத்திலும் மரங்கள் விழுந்தன, கம்பிகள் அறுந்தன. அதற்கு அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. நகரியத்து வழக்கப்படி எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. சுரங்கத்தில் வாளிச்சக்கர இயந்திரத்தில் காலம் முழுக்க உழைத்தவர். ஓய்வுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஃபோன் நல்லாத்தான் பேசுது தம்பி. நெட்டு மட்டும் வந்து வந்து போவுது. சிஸ்டமும் ஆமை மாதிரி இருக்கு. எப்படியும் காலி பண்ணப் போறோம், ஃபார்மட் அடிச்சிடுங்கன்னு கடையில சொல்லிட்டு வந்துட்டேன்” என்றார்.

இணைப்புக் கோளாறைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குப் போக வேண்டும். நெட் வரவில்லை என்றதும் நாம் முதலில் திட்டுவது கம்பெனியை. அதாவது மிகத் தொலைவில் இருப்பவரை. கணினியின் ஒழுங்கு இதற்கு நேரெதிர். பிங் கட்டளையை முதலில் 127.0.0.1 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கணினியிலும் அந்த எண் அந்தக் கணினியையே குறிக்கும். தன் குரல் தனக்குக் கேட்டபின் 192.168.1.1 போன்ற எண்ணில் வீட்டு மோடத்தைக் கூப்பிடலாம். அதுவும் பதில் சொன்னால் 8.8.8.8, வெளியுலகம். அங்கிருந்தும் பதில் வந்து, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு கம்பியில் இல்லை, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸில் இருக்கிறது. எங்கே பதில் நிற்கிறதோ அங்கே கோளாறு. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் இந்தப் பிங் நிரலை எழுதியதே தன் ஆய்வகத்து வலைப்பின்னலில் வந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பதற்குத்தான். 2000ஆம் ஆண்டு சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். உலகத்தில் நெட் வராத ஒவ்வொரு வீட்டிலும் அவர் எழுதியதுதான் இன்றும் முதல் கேள்வியைக் கேட்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், கணினிக்குக் கிடைத்திருக்கும் முகவரி. மோடம் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணை ஒதுக்குகிறது. நிரந்தரமாக அல்ல, ஒரு தவணைக்கு. தவணை முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் மாதிரி என்று சொன்னதும் மாமா வேறெதுவும் கேட்கவில்லை. ஒதுக்கித் தர வேண்டிய இடத்திலிருந்து பதிலே வராவிட்டால் விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாது. “இந்த எண்ணைப் பார்த்தால் கம்பெனிக்கு ஃபோன் போடாதீங்க, முதல்ல மோடத்தையும் கேபிளையும் பாருங்க” என்று ஒரு தாளில் எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்குக் கோளாறு மோடத்தைத் தாண்டி இருந்தது. மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு சற்று நேரம் நிலையாக எரிவதும் பிறகு சிமிட்டுவதுமாக இருந்தது. அப்படியென்றால் கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் பழுதில்லை. மோடத்திலிருந்து தந்திக் கம்பத்துக்குப் போகும் வழியில் எங்கோ. சுவரில் சாளரத்துக்கு அடியில் லைன்மேன் மாட்டிவிட்டுப் போன சின்ன ரோசட் பெட்டியைத் திறந்தேன். உள்ளே காய்ந்த எறும்புகளும் பல்லி முட்டை ஓடும். கம்பியை முறுக்கிவிட்ட இடத்தில் செம்பே தெரியவில்லை; பச்சைக் களிம்பு திரிதிரியாகப் படிந்திருந்தது. சாளரத்தில் வழிந்த மழைநீர் ஒவ்வோர் ஐப்பசிக்கும் அங்கே இறங்கியிருக்கிறது.

ஃபோன் நன்றாகப் பேசுவதும் நெட் மட்டும் அறுவதும் இதனால்தான். குரலும் தரவும் ஒரே செம்புக் கம்பியில்தான் போகின்றன. குரலுக்கு நான்கு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சிறு பகுதி போதும். தரவு அதற்கு மேலே, ஒரு மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் விரிந்து கிடக்கிறது. களிம்பு பிடித்த முனை தரவைத்தான் முதலில் கெடுக்கும். பேச்சு கேட்கிறது என்பதால் கம்பி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. முனையை வெட்டி, புதுச் செம்பு தெரியும்வரை சுரண்டி, மறுபடி இறுக்கினோம். குரலையும் தரவையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் தலைகீழாக மாட்டியிருந்தது, அதையும் மாற்றினோம். விளக்கு நின்று எரிந்தது. மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியில் பிடித்த களிம்பைச் சுரண்டி எறியலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணினியின் மெதுவைச் சரிசெய்யப் போகும்போதும் அதே கையோடு, அதே வேகத்தோடு போய்விடுகிறோம். அங்கேதான் நிற்க வேண்டும்.

மறைத்து வைத்த கோப்பு என்றால் தேவையில்லாதது அல்லது ஆபத்தானது என்றொரு எண்ணம் பரவியிருக்கிறது. அது பிறந்த கதை வேறு. யூனிக்ஸின் தொடக்க நாட்களில், கோப்புறையின் பட்டியலைக் கேட்டால் அந்தக் கோப்புறையைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் மேல் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் ஒவ்வொரு தடவையும் வந்து நின்றன. அவற்றைக் காட்டாமல் விடுவதற்காக, பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிப் போ என்று யாரோ சுருக்கமாக எழுதிவிட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களுமே கண்ணுக்குத் தெரியாமல் போயின. பெல் ஆய்வகத்தில் இருந்த ராப் பைக் 2012இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கவனக்குறைவின் நிழலில்தான் பிறகு நிரல்கள் தங்கள் அமைப்புகளைக் கொண்டுபோய் வைத்தன. ஆகவே மறைந்திருப்பவற்றில் குப்பையும் உண்டு, அந்த வீட்டுக்காரரின் பழக்கவழக்கம் முழுவதும் உண்டு. விண்டோஸிலும் அப்படித்தான். எக்ஸ்பியில் லோக்கல் செட்டிங்ஸ், விஸ்டாவிலிருந்து ஆப்டேட்டா என்று பெயர் மாறியதே தவிர, உள்ளடக்கம் ஒன்றுதான்.

அழிக்க வேண்டியவை இல்லாமல் இல்லை. ஒரு நிரலை நிறுவியபோது விரித்துப் போட்ட கோப்புகள், முடிந்துபோன அப்டேட்டுகளின் மிச்சங்கள் எல்லாம் டெம்ப் கோப்புறையில் மலைபோல் கிடக்கும். டி.என்.எஸ். நினைவும் ஒருவகையில் இதில் சேர்த்தி. ஒரு தளம் எண் மாறிப் போனபின்னும் பழைய எண்ணையே கணினி பிடித்துக்கொண்டு தவறான வாசலைத் தட்டும். இப்கான்ஃபிக் கட்டளையோடு ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று சேர்த்து அடித்தால் அது மறந்துவிடும்; மறந்தால்தான் புதிதாகக் கேட்கும். இந்த மறதிக்காக வருந்த ஒன்றுமில்லை.

மாமாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். கோப்புறை அமைப்பில் மறைந்தவற்றைக் காட்டு என்ற பொத்தானை அழுத்தியதும் வெளிறிய மஞ்சள் நிறத்தில் கோப்புறைகள் வரிசையாக எழுந்தன. டெம்ப்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் என்பதற்குள்ளே, எட்டு எட்டு எழுத்தாகப் பொருளே இல்லாத பெயர்கள் கொண்ட கோப்புறைகள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தான் பார்த்ததையெல்லாம் ஒளித்து வைக்கும் இடம் அது. படங்களை மட்டும் பிரித்துக் காட்டச் சொன்னபோது, விளம்பரங்களுக்கும் பொத்தான்களுக்கும் நடுவே அவருடைய மகன் வந்தான். இரவல் கோட்டுப் போலத் தொளதொளத்த ஒன்றை மாட்டிக்கொண்டு, பனி மூடிய காருக்குப் பக்கத்தில். பிறகு பேத்திக்கு அங்கே ஒரு கோயிலில் காது குத்திய படம். குழந்தையின் வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

மெயிலில் வந்த படத்தை மாமா எப்போதுமே திறந்துதான் பார்த்திருக்கிறார். சேமி என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். எதற்குச் சேமிக்க வேண்டும், மெயிலில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். அவர் வைத்திருந்தது யாஹூ கணக்கு. அடுத்த ஆண்டே, 2013இல், ஓராண்டுக்கு மேல் யாரும் நுழையாத பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. கூகுளும் 2023 டிசம்பர் முதல், இரண்டாண்டு தீண்டாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கத் தொடங்கியது. மெயிலில் இருக்கிறது என்பதும் ஒரு தவணைக்கான ஒதுக்கீடுதான். பார்க்க மட்டும் செய்தவருக்காக ஒரு பிரதியை எடுத்து வைத்திருந்தது, யாரும் திறக்காத அந்த மஞ்சள் கோப்புறை.

அதைவிடப் பெரிய இழப்பு தப்பியது வேறோரிடத்தில். மாமா எழுதுகிறவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சுரங்கத்தில் உடன் வேலை பார்த்தவர்கள், நிலக்கரிக்கு அடியிலிருந்து பீறிடும் ஊற்றுநீரை நிற்காமல் இறைத்த பம்புகளின் சத்தம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் தினக்கூலியாக வந்து நின்ற ஆள் என்று பல பக்கங்கள். வேர்டில் தட்டியது. ஒரு நாள் சேமிக்காமலே கணினி நின்றுவிட, கடைசியாக எழுதியது போய்விட்டது என்று விட்டிருக்கிறார். வேர்டு திறந்திருக்கும்போது அலைக்குறியில் தொடங்கும் பெயரோடு ஒரு தற்காலிகப் பிரதியை ஓரமாக வைத்துக்கொள்ளும். ஒழுங்காக மூடினால் அதுவே அதை நீக்கிவிடும். மூடாமல் செத்துப்போனால் அந்தப் பிரதி மறைகோப்பாக அங்கேயே கிடக்கும். கிடந்தது. திறந்தோம். முக்கால்வாசி இருந்தது.

எழுத்துரு பாமினி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் இது பொருந்தும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமிப்பது தமிழை அல்ல, ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. அம்மா என்று தட்டினால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கோப்பு போய்விட்டால், ஆவணம் பத்திரமாக இருந்தும் ஒரு வரி படிக்க முடியாது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். அதற்கு முன்னால் தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னும் பலர் விடவில்லை. கடைக்காரத் தம்பி ஆவணங்களைச் சிடியில் எழுதிக் கொடுத்துவிட்டு ஃபார்மட் அடித்திருந்தால் மாமாவின் கையில் எம்மும் கேயும் அரைப்புள்ளியும்தான் மிஞ்சியிருக்கும். இணையத்தில் மாற்றி நிரல் கிடைக்கும் என்பதை அவருக்கு யார் சொல்வார்? இந்த ஊரில், இந்த மாநிலத்தில், எத்தனை சங்க மலர்கள், நாடகங்கள், நாட்குறிப்புகள் இப்படிப் படிக்க முடியாத ஆங்கில எழுத்துக் கோவையாகிப் பிறகு குப்பையென்று நீக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

யாஹூ மெசஞ்சரின் கோப்புறைக்கும் வந்தோம். உரையாடலைச் சேமிக்கச் சொல்லியிருந்தால் அந்த நிரல் அதை நிரலின் கோப்புறைக்குள்ளேயே, நேராகத் திறந்து படிக்க முடியாத வடிவில் எழுதி வைக்கும். ஆனாலும் அதைப் படிப்பது கடினமில்லை. “பார்க்கலாமா மாமா?” என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார். “அது வேணாம் தம்பி. அப்படியே எடுத்து வச்சிடுங்க” என்றார். திறக்காமல் பிரதி எடுத்தேன்.

அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னதன் காரணம் இதுதான். பிறர் கணினியைச் சுத்தம் செய்வது அவர்கள் பீரோவைத் திறப்பதைவிட நெருக்கமான செயல். பீரோவில் எதை வைத்தோம் என்று வைத்தவருக்குத் தெரியும். இங்கே அவருக்கே தெரியாமல் சேர்ந்தவை இருக்கின்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பல காலம் இன்டெக்ஸ்.டாட் என்றொரு மறைகோப்பு இருந்தது. வரலாற்றை அழித்துவிட்டேன் என்று நினைத்தவர்கள் போன தளங்களின் தடயத்தையும் அது வைத்திருக்கும். இப்படி இருக்க, உடையவர் இல்லாத நேரத்தில் கடையில் வைத்து நோண்டுவதும் தவறு, நோண்டாமல் மொத்தமாகத் துடைப்பதும் தவறு.

ஒரே சொடுக்கில் சுத்தம் என்று வரும் மென்பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிகிளீனர் மிகப் பெயர்பெற்ற ஒன்று. 2017 ஆகஸ்டில் வெளியான அதன் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ நச்சுநிரலைப் புகுத்திவிட்டார்கள். செப்டம்பரில் செய்தி வெளிவந்தபோது ஏறக்குறைய 22 லட்சத்து 70 ஆயிரம் பேரின் கணினிகளில் அந்தப் பதிப்பு இறங்கியிருந்தது. நம்பகமான நிறுவனத்தின் முத்திரையோடு வந்த கோப்பு அது. சுத்தம் செய்ய வருவதற்கு எல்லா அறைகளின் சாவியையும் கொடுக்கிறோம், அதுதான் சிக்கல். விண்டோஸிலேயே வட்டைத் துப்புரவாக்கும் வசதி இருக்கிறது, பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும்.

பென்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது என்று அழுத பள்ளிப் பிள்ளைகளும் அந்நாட்களில் அதிகம். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் வரத் தொடங்கியபின், ஒரே பென்டிரைவ் வகுப்பு முழுவதும் சுற்றியது. அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துவிட்டுப் போலிக் குறிகளை வைக்கிறது. அட்ரிப் கட்டளையில் மறைவு, அமைப்பு என்ற இரண்டு அடையாளங்களையும் நீக்கச் சொன்னால் அத்தனையும் திரும்ப வந்து நிற்கும். ஃபார்மட் அடித்தவர்கள், இருந்ததைத் தாங்களே அழித்தார்கள்.

அழித்தல் என்பதிலும் ஒரு நுணுக்கம். பழைய எஃப்.ஏ.டி. முறையில் ஒரு கோப்பை நீக்கினால் கணினி அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு குறியாக மாற்றிவிட்டு, இந்த இடம் காலி என்று எழுதிக்கொள்ளும். உள்ளடக்கம் வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். அதனால்தான் மீட்பு மென்பொருள்கள் வேலை செய்தன. அதனாலேயே பழைய கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறவர்கள் விரைவு ஃபார்மட்டை நம்பக் கூடாது. வங்கிப் புத்தகத்தின் ஸ்கேனும் ஆதாரின் நகலும் தட்டில் உயிரோடுதான் போகும். வட்டு முழுவதையும் ஒருமுறை சுழியத்தால் நிரப்ப வேண்டும். மாமா அதைவிட எளிய வழி எடுத்தார். பெட்டியைக் கடைக்குக் கொடுத்துவிட்டு வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு விருத்தாசலம் போனார்.

இப்போது வரும் கணினிகளில் சுழலும் தட்டே இல்லை, எஸ்.எஸ்.டி. இருக்கிறது. விண்டோஸ் 7 காலத்திலிருந்து டிரிம் என்ற ஏற்பாடு அதோடு சேர்ந்து வருகிறது. கோப்பை நீக்கியதும் அந்த இடம் வேண்டாம் என்று இயங்குதளம் சொல்லிவிடும், வட்டு தன் ஓய்வு நேரத்தில் அதை மெய்யாகவே துடைத்துவிடும். அதன்பின் எந்த மீட்பு மென்பொருளாலும் ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. தவறாக நீக்கியவருக்குப் பழைய தட்டு கொடுத்த அவகாசம் இதில் கிடையாது. கடையில் கணினியை வாங்கிக்கொள்ளும் தம்பி, ஃபார்மட் அடிக்கட்டுமா என்று கேட்பதற்கு முன்பு வேறு இரண்டைக் கேட்டால் போதும்: மெயிலில் வந்த படங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள், தமிழை எந்த எழுத்துருவில் தட்டுகிறீர்கள்.